ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணு

கணக்கு, அறிவியல் ஆசிரியர் ஆக எப்படித் தயாராவது என்று என் ஜூனியர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பி.எட். இரண்டாம் வருடப் பயிற்சிக்காக வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இருக்கிறேன். ஏழாம் வகுப்பு, கணக்கு. பின்னக் கூட்டல் போன வருடமே படித்ததுதான், இருந்தாலும் புதுப் பாடத்துக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போர்டில் 1/2 + 1/3 எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, கொஞ்சமும் யோசிக்காமல் 2/5 என்று போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

தப்பு என்றேன். கீழே இருக்கும் 2, 3 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) 6, அதனால் 3/6, 2/6, கூட்டினால் 5/6. எழுதிக் காட்டினேன், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், பெல் அடித்தது. பின்னால் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு மேடம் வெளியே வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "அவன் ஏன் அப்படிப் போட்டான்னு கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். அவன் சொன்னான், "மிஸ், முதல் டெஸ்ட்ல ரெண்டு கணக்குல ஒண்ணு ரைட்டு. அடுத்த டெஸ்ட்ல மூணுல ஒண்ணு ரைட்டு. மொத்தம் அஞ்சுல ரெண்டு தானே?"

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மார்க்கை அப்படித்தான் கூட்டுவோம். அங்கே ரெண்டும் மூணும் வேறு வேறு மொத்தம், அதனால் அவையும் சேர்ந்து அஞ்சாகின்றன. போர்டில் நான் எழுதியதில் பாதியும் மூன்றில் ஒரு பங்கும் ஒரே முழுமையின் துண்டுகள், அதை நான் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. நோட்டுத் தாளை ஒரே நீளத்தில் மூன்று பட்டையாகக் கிழித்து அவனிடம் கொடுத்தேன். ஒன்றைப் பாதியாக மடித்தான், இன்னொன்றை மூன்றாக மடித்தான் (மூன்றாக மடிப்பது லேசில் வராது, நாலைந்து தடவை பிரித்துப் பிரித்து மடித்தான்), பாதியையும் மூன்றில் ஒன்றையும் முழுப் பட்டை மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தான். ஓரத்தில் சின்ன இடம்தான் மிச்சம். "2/5னா பாதியை விடக் கம்மி மிஸ்... பாதியோட இன்னும் சேர்த்தா எப்படிக் கம்மியாகும்?" என்று அவனே கேட்டான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூனியர்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆசிரியர் ஆகும் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பி.எஸ்சி., அதன் மேல் இரண்டு வருட பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. பிளஸ் டூவிலேயே முடிவு செய்துவிட்டவர்கள் மைசூர் மண்டலக் கல்வி நிறுவனத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பையும் பார்க்கலாம், தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. நம் ஊரிலேயே சைதாப்பேட்டை கல்லூரி 1856இல் தொடங்கியது, அத்தனை வருடமாக இங்கே வாத்தியார்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கான டெட் தாள் இரண்டில் 150 மார்க், அதில் 60 கணக்கும் அறிவியலும். டெட் தேறினால் வேலை வந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அரசுப் பள்ளி பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அதற்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது.

அதே தாளில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 மார்க். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியல் அறிஞர்களின் பெயரும் கொள்கையுமாக மனப்பாடம் செய்தவள்தான் நானும். அந்தப் பையனுக்கு அப்புறம் அதே பக்கங்களை எடுத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. குழந்தை ஏற்கெனவே தெரிந்ததை வைத்துத்தான் புதியதைப் புரிந்துகொள்ளும் என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த 2/5 கண்ணில் வருகிறது.

அதனால் நான் சொல்வது, ஆறாவது முதல் பத்தாவது வரை சமச்சீர் கணக்கு, அறிவியல் புத்தகங்களை மறுபடி எடுங்கள். டெட்டுக்கு எப்படியும் அதைத்தான் படிக்கப்போகிறோம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை இதை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்ளும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். எழுத வரவில்லை என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கொட்டோ கொட்டென்று கொட்டுவார்கள்.

அறிவியலில் இது இன்னும் அதிகம். ஐஸ் தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் வைத்தேன், சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நிமிடத்தில் வெளியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். எங்கிருந்து வந்தது என்றால் வகுப்பில் பாதிப் பேர் "உள்ள இருந்து கசியுது" என்றார்கள். ஆவி சுருங்குதல் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருந்தால் அதையும் எழுதிக்கொண்டிருப்பார்கள், மனசுக்குள் பாட்டில் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும். மறுநாள் பாட்டில் தண்ணீரில் நீல மை ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுபோனேன். வெளியே அரும்பிய துளிகளை ஒரு பெண் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தாள். நீலம் இல்லை. அப்போ காற்றிலிருந்துதான் வந்திருக்கணும் என்று சொன்னதும் அவள்தான்.

மைக்ரோ டீச்சிங்கைச் சடங்காக நினைத்து ஓட்டிவிடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சக மாணவர்களை உட்கார வைத்து ஐந்தாறு நிமிடம் நடத்துவது முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. மூன்று விநாடி அமைதியைத் தாங்குவது அவ்வளவு கஷ்டம், நாமே பதில் சொல்லிவிடத் துடிப்போம்.

நாளை இரண்டாவது பீரியட் மைனஸை மைனஸால் பெருக்குவது. ஏன் பிளஸ் வருகிறது என்று அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கட்டாயம் கேட்பான். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, அடுத்த வரியில் (−1) × (−2) மட்டும் போட்டு, பதிலை அவர்களிடமே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் 2 ஏறுவதை அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றுகிறது. அது போதாது, வேறு ஏதாவது வேண்டும் என்பானானால், வாங்கிய கடனை வைத்து ஒரு கதை யோசித்து வைத்திருக்கிறேன், அது இன்னும் சரியாக வரவில்லை, ராத்திரி உட்கார்ந்து பார்க்கணும்.