அப்பா தட்டுல இடது பக்க சோறு மட்டும் அப்படியே இருக்கும்

போன வருஷம் ஆவணி மாசம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. காலைல பல் விளக்கிட்டு இருந்தவரு அப்படியே இடது பக்கமா சரிஞ்சிட்டாரு, வாய் கோணிப் போச்சு. எண்ணெய் தேய்ச்சா சரியாகும்னு சித்தப்பா சொல்லிட்டே இருந்தாரு, தம்பி அதக் காதுலயே வாங்காம 108க்கு அடிச்சான். தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்துட்டு ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போட்டாங்க. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போனாதான் அந்த ஊசின்னு அங்க போய்த்தான் தெரியும்.

வலது மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. விழுந்தது இடது கையும் காலும்தானேன்னு கேட்டேன். கை காலை அசைக்க மூளைலருந்து இறங்குற நரம்புல பெரும்பகுதி மூளையோட அடிப்பகுதில இருக்கற முகுளத்துகிட்ட குறுக்க மாறி எதிர்ப்பக்கம் போயிரும்னு மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி வரைஞ்சு காட்டுனாரு. பக்கத்து பெட்ல இருந்த அண்ணனுக்கு நேர் எதிர், இடது மூளைல அடி, வலது கை போச்சு, அதோட பேச்சும் போச்சு, எது கேட்டாலும் "ஆமா" ஒண்ணுதான் வரும், அவரு பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து அழுதுட்டே இருப்பாங்க. பெரும்பாலானவங்களுக்கு பேச்சு இடது மூளைலதான்னு அப்புறம் படிச்சேன். 1861லயே பாரிஸ்ல பால் புரோக்கா "டான்"னு மட்டுமே சொல்ல முடிஞ்ச ஒரு நோயாளி இறந்தப்புறம் அவரு மூளையப் பாத்து, இடது முன்பக்கம் கெட்டிருந்ததக் காட்டிருக்காரு.

அப்பாவுக்கு பேச்சு நல்லா இருந்துச்சு, அதனால பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டோம். வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. தட்டுல வலது பக்கம் இருக்கறத மட்டும் சாப்பிடுவாரு, இடது பக்கம் வச்ச பொரியல் தொடாம இருக்கும், ஏன்னு அம்மா கேட்டா நீ வைக்கவே இல்லையேன்னு கோவப்படுவாரு. சவரம் வலது கன்னத்துல மட்டும். இடது பக்கம் நின்னு கூப்பிட்டா வலது பக்கம் தேடுவாரு. கண்ணு போச்சோன்னு பயந்து கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், பார்வைல குறை இல்லன்னுட்டாங்க. இடது கையத் தூக்குங்கப்பான்னு சொன்னா "தூக்கிட்டேனே"ம்பாரு, கை மடியில கெடக்கும். வீம்புக்குப் பண்றாருன்னு நெனச்சு ஒரு நாள் நல்லா கத்திட்டேன். அது எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

பிசியோ பொண்ணு சொல்லித்தான் ஒரு நியூரோ சைக்காலஜிஸ்ட்டப் பாத்தோம், மூளைல அடிபட்டா கவனம், ஞாபகம் எல்லாம் எப்படி மாறுதுன்னு சோதிக்கறவங்க. அவங்க ஒரு வட்டம் போட்டுக் குடுத்து கடிகாரம் வரையச் சொன்னாங்க. அப்பா பன்னெண்டு நம்பரையும் வலது பாதிக்குள்ளயே நெருக்கி எழுதிட்டு, முடிச்சிட்டேன்னு பேனாவ வச்சாரு. எனக்கு தொண்டை அடச்சிருச்சு. கண்ணு பாக்குது, மூளை அந்தப் பக்கம் கவனத்தத் திருப்பல, வலது மூளை ரெண்டு பக்கத்தையும் கவனிக்கும், இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்த மட்டும், அதனால வலது மூளை அடிபட்டா இடது பக்கத்துக்கு ஆளே இல்லாம போயிருதுன்னு பொறுமையா சொன்னாங்க. கை வராதது தெரியாம இருக்கறதும் அந்த அடியாலதானாம். நான் அவரு குணம்னு நெனச்சதெல்லாம் காயம்.

அப்புறம் வீட்டையே மாத்துனோம். பேப்பர்ல இடது ஓரமா சிவப்பு டேப் ஒட்டி, சிவப்பு தெரியற வரைக்கும் கண்ணக் கொண்டு போயிட்டுதான் வரியப் படிக்கணும். டிவி இடது பக்கம், நாங்க உக்கார்றதும் இடது பக்கம். பாதி சாப்பிட்டதும் தட்டத் திருப்பி வைக்காம, அவரையே தேடச் சொல்லணும், இதுதான் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மூணு மாசத்துல தலைப்புச் செய்தி முழுசா படிச்சாரு.

நடுவுல தூக்கம் இல்ல, பேச்சு கொறஞ்சிருச்சு, எதுக்கும்மா எனக்கு இதெல்லாம்பாரு. தைரியமா இருங்கன்னு வந்தவங்க எல்லாரும் சொல்லிட்டுப் போனாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும், மூளைல பட்ட அடியும் அதுக்கு ஒரு காரணம்னு டாக்டர் சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாரு. மாத்திரைன்னதும் சொந்தக்காரங்க முகம் சுளிச்சாங்க, நாங்க நிறுத்தல. ஒன்றரை மாசம் கழிச்சு அவரா கேட்டு காபி குடிச்சாரு.

வீட்ல யாருக்காவது வலது மூளைல ஸ்ட்ரோக்னா டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே இந்த கவனப் பரிசோதனையக் கேளுங்க, எங்களுக்கு ரெண்டு மாசம் வீணாப் போச்சு. அப்பா இப்ப கம்பு வச்சு நடக்கறாரு, சவரம் பண்ணிட்டு வலது கையால இடது கன்னத்தத் தடவிப் பாத்துக்கறாரு. ரோட்டுக்கு மட்டும் இன்னும் தனியா விடறதில்ல, இடது பக்கத்துலருந்து வண்டி வந்தா சில நேரம் அவருக்குத் தெரியறதில்ல, அந்தப் பக்கம் நான் நடந்துக்கறேன்.