லாகின் ஆனதும் டேலி, குரோம், எக்செல் தானே திறக்க

பில் போடும் கம்ப்யூட்டரில் காலையில் நடப்பது எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பாஸ்வேர்டு போட்டதும் டேலி, குரோம், கணக்கு எழுதும் எக்செல் ஷீட் என்று ஒவ்வொன்றாகத் தேடி டபுள் கிளிக் செய்வார்கள். இந்த மூன்றையும் விண்டோஸே திறந்துவைக்கும்படி செய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் திறப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. கணக்கு சாஃப்ட்வேரான டேலி திறந்து, கம்பெனி, அதாவது உங்கள் கடையின் கணக்கு, லோடு ஆகாமல் நின்றால் அதனால் என்ன லாபம்? சிக்கல் முழுக்க அங்கேதான் வரும். இங்கே சொல்வது விண்டோஸ் 11-க்கு. 10-லும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் சுலபமான வழி. விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் மூன்றையும் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் எந்த ஷார்ட்கட் இருந்தாலும் நீங்கள் லாகின் செய்ததும் அது ஓடும். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டைக் காப்பி செய்து இங்கே ஒட்டினால் போதும். எக்செல் ஃபைலையும் இப்படித் திறக்கவைக்கலாம். ஆனால் ஃபைலை அப்படியே இழுத்துப் போடாதீர்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் விண்டோஸ் அதைக் காப்பி செய்யாது, இடம் மாற்றிவிடும். மறுநாள் "ஷீட்டைக் காணோம்" என்று ஆபீஸே தேடும். மவுஸின் வலது பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்து விட்டால் ஒரு மெனு வரும், அதில் 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப் போல ஸ்டோரிலிருந்து இறக்கியவற்றுக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் இருக்காது. அதே ரன் பெட்டியில் ஸ்டார்ட்அப் என்பதற்குப் பதில் ஆப்ஸ்ஃபோல்டர் என்று அடித்தால் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா ஆப்பும் வரிசையாக வரும். வேண்டியதில் வலது கிளிக் செய்து ஷார்ட்கட் உருவாக்கச் சொன்னால், டெஸ்க்டாப்பில் வைக்கட்டுமா என்று கேட்கும். சரி சொல்லிவிட்டு, பிறகு அதை ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள்.

வைத்தும் திறக்கவில்லையா? முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். யாராவது எப்போதோ "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று டிசேபிள் செய்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஷார்ட்கட் ஃபோல்டரில் இருந்தும் ஓடாது.

அடுத்தது பலரைக் குழப்புவது. ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸிலோ புரோகிராமின் கம்பாட்டிபிலிட்டி பகுதியிலோ 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (அட்மின் அதிகாரத்தோடு ஓடு) டிக் ஆகியிருந்தால், ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து அது திறக்காது. அனுமதி கேட்கும் பெட்டிகூட வராது, சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த டிக் உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள். எப்போதோ ஒரு எர்ரருக்காக யாரோ போட்டுவிட்டுப் போனதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தேவைதான் என்றால், புரோகிராம்களைத் தானே ஓடவைக்க விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலருக்குப் போக வேண்டும்.

அங்கே 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், 'கிரியேட் டாஸ்க்' எடுங்கள். ஜெனரல் பகுதியில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே 'ரன் வெதர் யூசர் இஸ் லாக்டு ஆன் ஆர் நாட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ஜன்னல் வராது. டிரிகரில் 'அட் லாக் ஆன்', குறிப்பிட்ட யூசர் மட்டும். அதற்குக் கீழே 'டிலே டாஸ்க் ஃபார்' என்பதில் 30 செகண்ட் வையுங்கள். ஆக்‌ஷனில் புரோகிராமின் பாதையைக் கொடுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் ஃபோல்டர் பாதைக்கு மேற்கோள் குறி போடக்கூடாது. புரோகிராம் பாதைக்குப் போடலாம், இங்கே போட்டால் எர்ரர்.

லேப்டாப் என்றால் கண்டிஷன்ஸ் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். கரண்டில் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் முதலிலேயே இருக்கும். சார்ஜரைச் செருகினால் திறக்கிறது, கழற்றினால் திறப்பதில்லை என்ற மர்மத்துக்குக் காரணம் இதுதான். செட்டிங்ஸ் பகுதியில் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற டிக்கும் இருக்கும். கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருக்கும் இடங்களில் அதையும் எடுத்துவிடுங்கள்.

இனி நெட்வொர்க் டிரைவ். டேட்டா சர்வரில் இருந்து, இசட் டிரைவ் என்று இணைத்திருந்தால், லாகின் ஆன முதல் சில நொடிகளில் அந்த இணைப்பு தயாராகியிருக்காது. வைஃபை என்றால் இன்னும் தாமதம். 30 செகண்ட் காத்திருப்பு இதற்காகத்தான். போதவில்லையென்றால் ஒரு நிமிடம் ஆக்குங்கள். இன்னொரு கண்ணியும் உண்டு: அட்மினாக ஓடும் புரோகிராமுக்கு நீங்கள் சாதாரணமாக இணைத்த இசட் டிரைவ் கண்ணுக்கே தெரியாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. இரண்டு பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் சர்வர் பாதையை நேரடியாகக் கொடுப்பதுதான் வழி.

டேலி பிரைம் திறந்ததும் கம்பெனியும் லோடு ஆக வேண்டுமென்றால் எஃப்1 தட்டி, செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் போய், 'லோடு கம்பெனீஸ் ஆன் ஸ்டார்ட்அப்' என்பதற்கு எஸ் கொடுத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். குரோமில் செட்டிங்ஸ், 'ஆன் ஸ்டார்ட்அப்' போய், தினமும் வேண்டிய பக்கங்களை மட்டும் கொடுங்கள். எக்செல் பொது ஃபோல்டரில் இருந்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தானே திறக்க வையுங்கள். இரண்டில் வைத்தால், முந்தித் திறந்தவரிடம் ஃபைல் மாட்டிக்கொள்ளும், மற்றவருக்கு ரீட் ஒன்லிதான், பார்க்க மட்டுமே முடியும்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் எது முதலில் திறக்கும் என்று நம்ப முடியாது. வரிசை முக்கியமென்றால் நோட்பேடில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, அதன் ஷார்ட்கட்டை மட்டும் உள்ளே வையுங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஸ்டார்ட் கட்டளையோடு ஒரு வரி, நடுவே டைம்அவுட் கட்டளையில் 20 நொடி. எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஸ்டார்ட் என்று அடித்ததும் முதலில் "" என்று வெறும் மேற்கோள் ஜோடி போட்டு, பிறகுதான் பாதையை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். ஸ்டார்ட் கட்டளை முதல் மேற்கோளுக்குள் இருப்பதை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். வெறும் ஜோடியை விட்டுவிட்டால் டேலிக்குப் பதில், தலைப்பில் டேலியின் பாதையைத் தாங்கிய காலிக் கறுப்புத் திரை ஒன்று வந்து நிற்கும்.

சில சமயம் எல்லாம் இரண்டிரண்டாகத் திறக்கும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போனால், அணைக்கும்போது திறந்திருந்த ஆப்களை மறுபடி திறக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை நிறுத்துங்கள். மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் வேலை செய்யாது, ஸ்லீப்பிலிருந்து எழுவதும் லாக்கைத் திறப்பதும் லாகின் கணக்கில் வராது.

டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தது டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தெரியாது. பின்னால் வேறு யாராவது இது எங்கிருந்து திறக்கிறது என்று தேடுவார்கள். டாஸ்க்குக்குப் பெயர் வைக்கும்போதே 'லாகினில் டேலி' என்று புரியும்படி வைத்துவிடுங்கள்.