அணைத்துப் போட்டும் அடங்காத ரீஸ்டார்ட்

ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்கும் சிறு விசைத்தறிக் கூடங்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மூன்று மேசைகள், மூன்று கணினிகள். அவற்றில் கணக்குத் தரவுத்தளம் இருக்கும் கணினியை நம்பித்தான் மற்ற இரண்டும் ஓடுகின்றன. விண்டோஸ் 10 இயங்கும் அந்தக் கணினி, 2024 நவம்பர் 13ஆம் தேதி புதன்கிழமை காலையிலிருந்து, புதுப்பிப்பு நிறைவடைய மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. செய்தோம். மறுபடியும் கேட்டது. மாலைக்குள் நான்கு முறை அந்தச் சிறு பெட்டி திரையில் வந்து நின்றது.

புதன்கிழமை என்பதில் எனக்கு வியப்பு ஏதும் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணிக்கு வெளியிடுகிறது. நவம்பரில் அது நமக்கு இரவு பதினொன்றரை. ஆகவே இந்திய அலுவலகங்கள் அதை எதிர்கொள்ளும் நாள் புதன்தான். வழக்கமாக வருவது வந்திருக்கிறது, ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதே புதன்கிழமை காலையில் இன்னொரு மென்பொருளும் யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. அவசரமாகக் கட்டிய அந்த முடிவுதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது.

சனிக்கிழமை வரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி வந்தால் "பிறகு" என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். திங்கட்கிழமை, 18ஆம் தேதி, பிரச்சினை பணப் பிரச்சினையாக மாறியது. மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்த வேண்டிய வரிக்கு வட்டியும் சேரும். அதற்கு முன், விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களைத் தொகுத்து 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் கிடைத்துவிடும் 2பி அறிக்கையை ஒவ்வொரு வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டோடும் ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஒப்பீட்டுக்குத் தேவையான தரவுத்தளத்தின் புதிய பதிப்பை நிறுவ முயன்றபோது, "இக்கணினியில் ஒரு மறுதொடக்கம் நிலுவையில் உள்ளது, அதை முடித்துவிட்டு வரவும்" என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டி நிறுவி நின்றுவிட்டது.

"தினமும் ராத்திரி அணைச்சுட்டுத்தான் சார் போறேன், காலையிலதான் போடறேன், இன்னும் எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்றது?" என்று எங்கள் அலுவலகப் பெண் கேட்டார். அவர் சொன்னது முழு உண்மை. அவர் மட்டுமல்ல, நானும் கேபினட்டின் முன்பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்து, மறுபடி அதையே அழுத்திப் போடுவதைத்தான் ரீஸ்டார்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதன் செயல்திறன் பகுதியில் சிபியு வரைபடத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இயங்கு நேரத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். இருபத்தைந்து நாட்களுக்கு மேல் காட்டியது. தினமும் இரவு அணைக்கப்படும் கணினி, தான் இருபத்தைந்து நாட்களாக உறங்கவே இல்லை என்கிறது.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இது இருக்கிறது. இது இயக்கத்தில் இருக்கும்போது நாம் ஷட் டவுன் செய்தால், பயனரின் நிரல்கள் மட்டுமே உண்மையாக மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியும் அதோடு ஏற்றப்பட்டிருக்கும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும் நினைவகத்தில் இருந்த நிலையிலேயே வட்டில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப எடுக்கப்படுகின்றன. கணினி விரைவாகத் திறப்பது இதனால்தான். ஆனால் மெனுவில் இருக்கும் ரீஸ்டார்ட்டை அழுத்தினால் இந்தக் குறுக்குவழி பின்பற்றப்படுவதில்லை. எல்லாம் முழுமையாக மூடப்பட்டு அடியிலிருந்து தொடங்குகிறது. ஆக, ஷட் டவுன் செய்து மீண்டும் போடுவதை விட ரீஸ்டார்ட்டே முழுமையான செயல். பெயரைக் கேட்டால் யாருக்கும் இதற்கு நேர்மாறாகத்தான் தோன்றும்.

மறுதொடக்கம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது வேண்டும். விண்டோஸில் ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பைப் பொதுவாக அழிக்கவோ மாற்றி வைக்கவோ முடியாது. பந்தியில் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை எடுக்க முடியாதது போல. ஆகவே நிறுவும் மென்பொருள், "இந்தக் கோப்பை அழி, அந்தக் கோப்பை இந்தப் பெயருக்கு மாற்று" என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்த முழுத் தொடக்கத்தில், வேறெந்த நிரலும் எழுந்திருக்கும் முன்பே, செஷன் மேனேஜர் என்ற பகுதி அந்தப் பட்டியலைப் படித்து வேலையை முடித்துப் பட்டியலையும் அழித்துவிடுகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வழியாக விழிக்கும் கணினியில் இந்தக் கட்டமே வருவதில்லை. பட்டியல் அப்படியே கிடக்கிறது. தரவுத்தள நிறுவி என்னைத் திருப்பி அனுப்பியது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

கன்ட்ரோல் பேனலில் மின்சக்தி அமைப்புகளுக்குள் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், மங்கலாக இருந்த வரிகளை நிர்வாகி அனுமதியோடு திறந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். பிறகு மெனுவிலிருந்து முறையாக ரீஸ்டார்ட் கொடுத்தேன். புதுப்பிப்பு சதவீதக் கணக்கில் ஓடி முடிந்தது. இயங்கு நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பவர் குறியின் மேல் சில நாட்களாக ஒட்டிக்கொண்டிருந்த ஆரஞ்சுப் புள்ளி மறைந்தது. தேநீர் வாங்கிவரச் சொன்னேன். தேநீர் வருவதற்குள் அந்தப் பெட்டி மறுபடி திரையில் நின்றது.

அதற்குப் பிறகு அன்று பிற்பகல் முழுவதையும் நான் வீணாக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது போன்ற தொல்லைகளுக்கு எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் பரிகாரங்களை வரிசையாகச் செய்தேன். புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி, பதிவிறக்கக் கோப்புகள் சேரும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையின் பெயரை மாற்றினேன். கட்டளைச் சாளரத்தில், விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேனை ஓட்டினேன். கோப்புகளில் பழுதில்லை என்று வந்தது. அதே போல் இயங்குதளத்தைச் சோதிக்கும் டிஐஎஸ்எம் கருவியையும் ஓட்டினேன். அதுவும் குறையொன்றும் சொல்லவில்லை. இயங்குதளம் நலமாக இருக்கிறது என்று இரண்டு சோதனைகள் சொன்ன பிறகும் இயங்குதளத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசிய நண்பர் ஒருவர் விண்டோஸ் புதுப்பிப்பை நிரந்தரமாக முடக்கிவிடச் சொன்னார். இருநூறு பேரின் பான் எண்ணும் வங்கி விவரமும் கிடக்கும் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்பை முடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது அன்று சரியாக நடந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டி வந்தபோது எதையும் அழுத்தாமல் அதை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி, நீலப் பொத்தான், "இப்போது", "பிறகு". எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. விண்டோஸின் அறிவிப்பைப் போலவே இருந்தது, ஆனால் அதன் எழுத்துரு சற்று வேறாக இருந்தது. பெட்டியைத் திரையில் விட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலிகளின் பட்டியலில் அதைத் தேடிப் பிடித்து, வலது சொடுக்கில் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்த கோப்புறை விண்டோஸுடையது அல்ல. செப்டம்பரில் வாங்கிய, அச்சடித்து, ஸ்கேன் செய்து, நகலும் எடுக்கும் பிரின்டரோடு வந்த உதவி மென்பொருளின் கோப்புறை அது. ஆறு நாட்களாக இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே கோரிக்கையை வைத்திருக்கின்றன. திங்கட்கிழமையே ஒன்றைத் தீர்த்துவிட்டேன், மற்றொன்று இருப்பதே தெரியாமல் தீர்ந்ததைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு நிமிடச் சோதனையைப் புதன்கிழமையே செய்திருக்கலாம்.

இனி ரெஜிஸ்ட்ரி. அதைத் தொடும் முன் அந்தப் பகுதியின் நகலை எக்ஸ்போர்ட் செய்து தனியே வைத்துக்கொண்டேன். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் கணினியை மீண்டும் முதலிலிருந்து நிறுவத் தயாராக இருக்க வேண்டும். லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று இறங்கினால் வலப்புறம் பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ் என்ற பெயர் கண்ணில் படும். நிலுவை ஏதும் இல்லாத கணினியில் பெரும்பாலும் அந்தப் பெயரே இருக்காது. அதற்குள் வரிகள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும்: முதல் வரி இப்போதைய கோப்பு, இரண்டாவது வரி அது மாற வேண்டிய பெயர். இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால் அந்தக் கோப்பு அழிக்கப்பட வேண்டும் என்று பொருள். பாதைகளின் முன்னால் சாய்கோடுகளுக்கு நடுவே இரண்டு கேள்விக்குறிகள் நிற்கின்றன. முதலில் அதைப் பார்த்து ஏதோ சிதைந்துவிட்டது என்று பயந்தேன், அது அங்கே எழுதும் முறைதான்.

எங்கள் கணினியில் பிரின்டர் மென்பொருளின் ஒரே ஒரு கோப்புக்கான வரிகள் மட்டும் இருந்தன. ரீஸ்டார்ட் செய்தேன். உள்நுழைந்தவுடன் திறந்து பார்த்தபோது பெயர் காணவில்லை. அதாவது வேலை முடிந்திருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்துப் பார்வையைப் புதுப்பித்தேன். அதே வரிகள் திரும்ப எழுதப்பட்டிருந்தன, பெட்டியும் எழுந்தது. நிலுவை வேலை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக முடிகிறது, முடிந்தவுடன் யாரோ புதிதாக ஒரு நிலுவையை உண்டாக்குகிறார்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. வரிகளை அழிப்பதில் பயனில்லை என்பதும்தான்.

எழுதுவது யார் என்பதை, கணினியில் நடப்பவற்றின் பதிவேட்டைக் காட்டும் ஈவன்ட் வியூவர் சொன்னது. விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து, மென்பொருள்களை நிறுவும் விண்டோஸ் பகுதியான எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் என்ற மூலத்திலிருந்து வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு காலை உள்நுழைவுக்குப் பிறகும் ஒரே ஊர்வலம்: 1004, 1001 என்ற எண்ணுள்ள எச்சரிக்கைகள், பிறகு 1038. முதல் இரண்டும், ஒரு மென்பொருள் தன் பகுதியொன்று காணாமல் போனதைக் கண்டு தன்னைத்தானே பழுதுபார்க்கத் தொடங்கும்போது பதிவாகின்றன. 1038, அந்தப் பழுதுபார்ப்பு முடிய மறுதொடக்கம் தேவை என்பதைச் சொல்கிறது. பதிவில் இருந்த பொருளின் பெயரைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அது புதிய பிரின்டர் அல்ல. 2019இல் வாங்கி, உருளை தேய்ந்து, ஆகஸ்டில் பழைய இரும்புக்காரரிடம் போட்ட பிரின்டர். கருவியைத்தான் வெளியே அனுப்பினோம், அதன் மென்பொருளை யாரும் நீக்கவில்லை.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். ஸ்கேன் செய்வதற்கான ஒரு கோப்பை இரண்டும் பொதுவாகப் பயன்படுத்தி வந்தன. நவம்பர் 13 அன்று புதிய பிரின்டரின் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தது. உள்நுழைவின்போது எழுந்த பழைய மென்பொருள் தன் கோப்பைத் தேடி, காணாமல், சேமிப்பிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கப் பார்த்தது. கோப்பு உபயோகத்தில் இருந்ததால் நிலுவைப் பட்டியலில் எழுதியது. மறுதொடக்கத்தில் பழையது இடம் பிடித்தது. புதிய மென்பொருள் அதைக் கண்டு மறுபடி தன்னுடையதை வைத்தது. இல்லாத பிரின்டருக்காக ஒரு மென்பொருள் ஒரு வாரமாக இடச்சண்டை போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் நடுவில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

தீர்வு எளிதாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. பழைய மென்பொருளை நீக்க முயன்றபோது அது தன் நிறுவல் குறுந்தகட்டைக் கேட்டது. குறுந்தகடு பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. அதைப் போட எந்தக் கணினியிலும் டிரைவ் இல்லை. நிறுவவோ நீக்கவோ முடியாமல் சிக்கிய நிரல்களுக்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சரிசெய்கருவியைப் பதிவிறக்கி, பட்டியலில் பழைய பிரின்டரின் பெயரைக் காட்டினேன். அது குறுந்தகடு கேட்காமல் நீக்கியது. அடுத்து ஸ்டார்ட்டப் தாவலில் புதிய பிரின்டரின் உதவி மென்பொருளை முடக்கி, ரீஸ்டார்ட் செய்து, அதையும் நீக்கி, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, அச்சுக்குத் தேவையான டிரைவரை மட்டும் நிறுவினேன். இந்த வரிசை முக்கியம்: இரண்டு நீக்கங்களுக்கும் இடையே முழு மறுதொடக்கம் இல்லாவிட்டால் நிலுவைப் பட்டியல் மறுபடி கலங்கிப் போகும். செவ்வாய் மாலை ஐந்தரை மணிக்குத் தரவுத்தள நிறுவி மறுப்பின்றி ஓடியது. அன்றிரவும் மறுநாளுமாக உட்கார்ந்து ஒப்பீட்டை முடித்து, 20ஆம் தேதி இரவுக்குள் எல்லா 3பி படிவங்களையும் தாக்கல் செய்தோம்.

டிசம்பர் 10 இரண்டாம் செவ்வாய். மறுநாள் காலை புதுப்பிப்பு வந்தது, ஒருமுறை கேட்டது, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தோம், அத்தோடு நின்றது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இல்லாததால் காலையில் கணினி திறக்க முன்பை விடச் சற்று நேரம் பிடிக்கிறது. உதவி மென்பொருளை நீக்கியதால் பிரின்டரின் முகப்பில் இருக்கும் ஸ்கேன் பொத்தான் இப்போது வேலை செய்வதில்லை. விண்டோஸோடு வரும் ஸ்கேன் செயலியைக் கணினியில் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரசீதுக்கும் எழுந்து போய்த் தாளை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்ப வேண்டியிருப்பதாக எங்கள் அலுவலகப் பெண் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார்.