யாரும் எடுக்காத பத்துப் படங்களுக்கு என் விமர்சனம்

இந்த வாரம் 10 படங்கள் பார்த்தேன். அவற்றில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் எடுக்கவில்லை.

எங்கள் எழுத்துக் குழுவில் 11 பேர். யாருக்கும் சினிமா தொழில் இல்லை, வேலை நேரம் போக மீதி நேரத்தில் கதை எழுதுகிறவர்கள்தான். இந்த முறை விளையாட்டு இதுதான்: ஆளுக்கு ஒரு படத்தைக் கற்பனை செய்ய வேண்டும். தலைப்பு, வெளியான ஆண்டு, ஓடும் நேரம், அப்புறம் 400 சொற்களுக்குள் படத்தைப் பற்றி ஒரு பக்கம். நிஜ நடிகர், நிஜ இயக்குநர் பெயர் எதுவும் வரக்கூடாது. பிறகு மற்ற 10 படங்களையும் பார்த்துவிட்டு வந்தவர்போல விமர்சனம் எழுதி, வரிசைப்படுத்த வேண்டும். விமர்சனத்தில் 'படித்தேன்' என்று ஒரு இடத்தில் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை திரும்பி வந்தது.

இது ஒன்றும் புதிய கிறுக்கு இல்லை. 500 பக்கம் எழுதுவதைவிட, அந்தப் புத்தகம் ஏற்கனவே இருப்பதாகப் பாவித்து அதற்கு ஒரு குறிப்பு எழுதிவிடலாம் என்று அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1941-இலேயே முன்னுரை ஒன்றில் சொல்லியிருக்கிறார். 1971-இல் போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம், இல்லாத நூல்களுக்கான மதிப்புரைகளை மட்டும் வைத்தே ஒரு தொகுப்பு போட்டார். அதில் முதல் மதிப்புரை அந்தத் தொகுப்புக்கே. நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. எங்களுக்குச் சண்டை போட ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியிலிருந்து வருகிறேன். என் பட்டியலில் 10-ஆம் இடம் 'கண்ணாடிக்குள் கண்ணாடி'. மூன்று ட்விஸ்ட். மூன்றாவதில் எல்லாமே கனவு. கனவு என்று சொல்லி முடிக்கும் உரிமை கற்பனைப் படத்துக்கு இல்லை என்பது என் கட்சி. ஏற்கனவே இல்லாத ஒன்றை இன்னொரு முறை இல்லை என்று சொல்ல என்ன இருக்கிறது? 9, 8, 7 மூன்றும் நல்ல கதைகள், ஆனால் படங்கள் இல்லை. அந்தப் பக்கங்களில் 'அவள் உணர்ந்தாள்', 'அவனுக்குப் புரிந்தது' என்ற சொற்களை எடுத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது இரண்டு நாற்காலிகள். 6-ஆம் இடத்துப் படம் நன்றாகச் சிரிக்க வைத்தது. ஏன் சிரித்தேன் என்று இப்போது நினைவில்லை. 5-ஆம் இடம் ஒரு பேய்ப் படம். பேயைக் காட்டாதவரை நன்றாக இருந்தது.

4-ஆம் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 'ஒரே மூச்சு', 1951, 105 நிமிடம். ஒரு வீட்டில் ஒரே இரவு, முழுப் படமும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். வாசித்தவுடன் (மன்னிக்கவும், பார்த்தவுடன்) எனக்குக் கை அரித்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். அப்போது கேமராவில் ஏற்றும் சுருள் பொதுவாக 1000 அடி. நொடிக்கு 24 ஃபிரேம் என்று வகுத்தால் 11 நிமிடம் ஓடும், அதோடு சுருள் தீர்ந்துவிடும். 1948-இல் 'ரோப்' படத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் இதே ஆசைப்பட்டு, பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு ஷாட்டையும் முடித்து, சில வெட்டுகளை நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துத்தான் ஒப்பேற்றினார். இதை எழுதியவரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், மறுநாள் புதிய பக்கம் வந்தது. இப்போது அந்த வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு போகிறது. ஒவ்வொரு இருட்டிலும் ஒரு வெட்டு ஒளிந்திருக்கிறது. வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் அறையில் ஏதோ ஒரு பொருள் இடம் மாறியிருக்கிறது. முதல் வடிவத்தில் அது வெறும் வித்தை, இதில் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஃபிலிம் தீர்ந்துபோவதுகூட ஒரு கதாபாத்திரம் ஆகிவிட்டது.

3-ஆம் இடம், 'மீதி ஆறு நிமிடம்'. 1924-இல் வந்ததாகச் சொல்லப்படும் ஊமைப் படம். எல்லாப் பிரதிகளும் எரிந்துபோய், நடுவிலிருந்து ஆறு நிமிடத் துண்டு மட்டும் கிடைத்திருக்கிறது. இதை எழுதியவர் படத்தின் கதையைச் சொல்லவே இல்லை. அந்த ஆறு நிமிடத்தை மட்டும் சொல்கிறார்: ஒரு பெண் படியேறுகிறாள், கதவைத் தட்டப் போகிறாள், தட்டாமல் இறங்குகிறாள். கூடவே கிழிந்த ஒரு சுவரொட்டி, தணிக்கைக் குறிப்பில் ஒரு வரி. அவ்வளவே. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீரில் முக்கினாலும் அணையாது. அதனால் தீ என்ற காரணத்தில் ஒரு பிசிறும் இல்லை. நமக்கு இந்த வாசிப்பு பழகியதுதான். ஐம்பெருங்காப்பியம் என்று ஐந்து பெயரை ஒப்பிக்கிறோம், வளையாபதியில் 72 பாடலும் குண்டலகேசியில் 19 பாடலும்தான் கையில் இருக்கின்றன. மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார் என்று குழுவில் ஆறு பேர் ஆறு விதமாக எழுதியிருந்தார்கள், ஆறு பேரும் சத்தியம் செய்யாத குறை.

'மொழிபெயர்ப்பாளரின் இருமல்' எனக்கு 2-ஆம் இடம். இரு நாட்டுத் தூதுக் குழுக்கள், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு தரப்பின் மொழிக்குத் துணைத்தலைப்பு கிடையாது, அவர் சொல்வதுதான் நமக்கும் எதிர்த் தரப்புக்கும். பாதிப் படத்தில் ஒன்று பிடிபடுகிறது: பொய்யாகப் பெயர்க்கும்போதெல்லாம் அவர் முன்கூட்டியே லேசாக இருமுகிறார். அதன் பிறகு ஒவ்வொரு இருமலுக்கும் நெஞ்சு திக்கென்கிறது. க்ளைமாக்ஸில் அவர் இருமுகிறார், ஆனால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று முந்தைய காட்சியிலேயே காட்டிவிட்டார்கள். 96 நிமிடத்தில் ஒரு நொடிகூட வீண் இல்லை.

என் குறையே அதுதான். எல்லாம் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது. நான் பார்த்த எந்தப் படமும் அப்படிப் பொருந்தியதில்லை.

முதல் இடம் 'பொருட்பட்டியல்', 128 நிமிடம். கலங்கரை விளக்கம் தானியங்கி ஆகப்போகிறது, அதன் கடைசிக் காவலர் ஒப்படைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் எழுத வேண்டும். ஸ்பேனர் நான்கு, வாளி இரண்டு, ஒன்றில் ஓட்டை. கதை இவ்வளவுதான். ஆனால் எழுதியவர் செய்த வேலையைப் பாருங்கள். 71-ஆவது நிமிடத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பாட்டு வருகிறது, தயாரிப்பாளர் கேட்டிருப்பார் போல. காவலரின் தம்பியாக வருபவர் பாதிப் படத்துக்கு மேல் முதுகை மட்டுமே காட்டுகிறார், குரலும் வேறு. அந்த நடிகர் நடுவில் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். இந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்த பிறகுதான் அந்தப் படம் எங்கேயோ ஒரு திரையில் ஓடியது என்று எனக்கு உறுதியானது. யாருக்கு வரும் இந்த யோசனை? நாமெல்லாம் நம் கற்பனைக் குழந்தைக்கு மூக்கும் முழியும் தேடித் தேடி வைக்கும்போது, அவர் தழும்பு வைத்திருக்கிறார்.

குழுவின் கூட்டுக் கணக்கு வேறு மாதிரி வந்தது. முதலிடத்துக்கு 10, கடைசிக்கு 1 என்று கூட்டுகிற முறை. 1770-இல் போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் அங்குள்ள அறிவியல் கழகத்தில் முன்வைத்த முறையின் சாயல். 'இருமல்' 81, 'பொருட்பட்டியல்' 79. எனக்குப் பொறுக்கவில்லை. தாள்களை மறுபடி எடுத்து, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டேன். இரு படங்களையும் எழுதிய இருவரைக் கழித்தால் 9 பேர். அவர்களில் 5 பேர் 'பொருட்பட்டியல்' படத்தைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள்! மதிப்பெண் கூட்டலில் இப்படி ஒரு கோளாறு வரலாம் என்று கோந்தோர்சே என்ற இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் 1785-இலேயே எழுதிவிட்டார். இதை ஒரு நீண்ட கடிதமாகக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது: 'இல்லாத படத்துக்கு மறு எண்ணிக்கையா?'

என் படம் 34 மதிப்பெண்ணோடு ஒன்பதாவது. தலைப்பைச் சொல்லப் போவதில்லை. குழுவிலேயே இளையவர் எழுதிய விமர்சனம் மட்டும் உறைத்தது: 'கதாநாயகன் ஜன்னலோரம் நின்று யோசிக்கிறார். நன்றாகவே யோசிக்கிறார். ஆனால் எதைப் பார்த்து யோசிக்கிறார் என்று சார் ஒரு ஷாட்கூட வைக்கவில்லை.' குலெஷோவ் என்ற சோவியத் இயக்குநர் ஒரே முகத்தை எடுத்து ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார், பார்த்தவர்களுக்கு அந்த முகம் ஒவ்வொரு முறையும் வேறு உணர்ச்சி காட்டியது என்பதை இந்தக் குழுவுக்கே விளக்கிச் சொன்னவன் நான்தான். என் ஜன்னலுக்கு வெளியே சூப்பும் இல்லை, சவப்பெட்டியும் இல்லை. 7, 8, 9-ஐ நாற்காலி என்று கேலி செய்த வாய் இது.

இன்னொன்று. 'பொருட்பட்டியல்' விமர்சனத்தில் நான் அதிகம் புகழ்ந்திருந்தது கடைசிக்கு முந்தைய காட்சியை. காவலர் பட்டியலை முடித்துவிட்டு, யோசித்து, 'காவலர், ஒன்று' என்று கீழே சேர்க்கிறார், பிறகு அதை அடித்துவிடுகிறார். இதை எழுதுவதற்காக மறுபடி அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சியே அதில் இல்லை. வெட்கத்தோடு எழுதியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: 'அதை நீளம் கருதி வெட்டிவிட்டோமே சார், நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?'