பொத்தானுக்கு வாய் வேண்டும்

விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினார் அப்பா. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் இன்னும் பலமாக, விரலில் வலு போதவில்லை என்பது போல.

பொத்தானின் நிறம் மாறவில்லை. சுழலும் வட்டம்கூட இல்லை.

உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே விண்ணப்பம் பலமுறை போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நான்தான் தப்பா அழுத்திட்டேனோ?"

இதுதான் எனக்கு எரிச்சல். வடிவமைத்தவர் விட்ட ஓட்டைக்குப் பயன்படுத்துகிறவர் தன்னையே நொந்துகொள்கிறார். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988-லேயே இதை எழுதிவிட்டார்.

இணையதளங்களை எளிதாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் சொல்லும் கணக்கு எளிது. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை நினைவோட்டம் அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். வேலை முடிய நேரமாகலாம், சரி. 'கிடைத்தது, பொறுங்கள்' என்றாவது உடனே சொல்ல வேண்டாமா? முதல் அழுத்தத்திலேயே பொத்தானை மங்கலாக்கியிருந்தால் இத்தனை பாடு இல்லை.

'நிச்சயமாக அழிக்கவா?' பெட்டிகளும் இதே ரகம்தான். யாரும் படிப்பதில்லை, கை தானாக 'ஆம்' பக்கம் போய்விடும். கேட்காமல் அழித்துவிட்டு, மீட்க ஒரு வழி வைப்பது எவ்வளவோ மேல்.

ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெறுகிறோமே, அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 'அனுப்பியாச்சு' என்று நம்மிடம் சொல்லிவிட்டு, சில நொடி அனுப்பாமல் கையிலேயே வைத்திருக்கிறது!