ஒரு பெயரைத் தேடி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மெயின்பிரேமில் வட்டிக் கணக்குப் போடும் பழைய சப்ரொட்டீன் (மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் துணைப் புரோகிராம்) ஒன்றை மாற்ற வேண்டும். அதை எந்தெந்த புரோகிராம்கள் கூப்பிடுகின்றன என்று எழுதிவைத்த புண்ணியவான் யாரும் இல்லை. கோபால் என்ற கணினி மொழியில் எழுதிய சோர்ஸ் லைப்ரரிகள் மூன்று, அவற்றுக்குள் மெம்பர்களோ (தனித்தனிக் கோப்புகள்) ஆயிரக்கணக்கில். மெயின்பிரேம் திரையான ஐஎஸ்பிஎஃப்-இன் தேடல் மெனு 3.14-இல் தேடச் சொன்னால் முடியும்வரை திரை பூட்டிக்கொள்கிறது. நாளை பின்னணியில் ஓடும் பேட்ச் ஜாப்தான்.

மார்ச் 5, புதன்

தேடிக் கொடுக்கும் ஐஎஸ்ஆர்சூப்சி புரோகிராமை ஓட்ட ஜேசிஎல் (ஜாபுக்கான கட்டளை வரிகள்) எழுதினேன். அதற்கான விருப்பங்களைத் தரும் பார்மில், தேடச் சொல்லும் சர்ச்கம்ப், கூடவே பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமலிருக்க எனிசி. எங்கே தேடுவது என்று சொல்லும் நியூடிடி-யில் மூன்று லைப்ரரிகளும். எதைத் தேடுவது என்று சொல்லும் சிஸ்இன்னில் வரிக்கு ஒரு சர்ச்ஃபார்: சப்ரொட்டீன் பெயர், அதன் காப்பிபுக் (பல புரோகிராம்களில் சேர்க்கும் பொதுக் கோடு), பழைய பெயர். எது இருந்தாலும் வரி வந்துவிடும்.

ஜாப் முடிந்தது, முடிவைச் சொல்லும் ரிட்டர்ன் கோட் 1. "அண்ணா, ஃபெயிலாயிடுச்சா?" என்று பதறினான் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி. இல்லையப்பா, தேடியது கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால்தான் 0. யார் யோசித்த நியாயமோ!

இரவு போனில் பேசியதைக் கேட்ட அம்மா, "யாருடா அந்த கோபால், ரெண்டு நாளா அவனையே தேடறே?" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

பட்டியலில் பாதி கமெண்ட் வரிகள். கோபால் கமெண்ட்களை விடச் சொல்லும் டிபிசிபிசிஎம்டி சேர்த்ததும், ஏழாவது எழுத்திடத்தில் நட்சத்திரம் போட்ட வரிகள் ஒழிந்தன. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் சுருக்குகிறேன் என்று கூப்பிடும் கட்டளையான 'கால்' (CALL) என்ற சொல்லுக்கு ஒரு சர்ச்ஃபார், அதன்கீழ் சப்ரொட்டீன் பெயருக்கு சர்ச்ஃபார்-சி போட்டேன். அழகான சின்னப் பட்டியல். டீம் லீடுக்கும் அனுப்பிவிட்டேன்.

"ஆன்லைன் புரோகிராம் ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.

சர்ச்ஃபார்-சி என்றால் இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும். ஆன்லைன் புரோகிராம்களை ஓட்டும் சிக்ஸின் (CICS) லிங்க் கட்டளையில் 'கால்' என்ற சொல்லே வராது. 'எக்ஸெக் சிக்ஸ் லிங்க்' ஒரு வரி, புரோகிராம் பெயர் அடுத்த வரி. பேட்ச்சிலும் சிலர் பெயரை ஒரு மாறியில் மூவ் செய்துவிட்டு அந்த மாறியை கால் செய்திருக்கிறார்கள். அத்தனையும் தப்பிவிட்டன. அசடு வழிந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

சர்ச்ஃபார்-சியைத் தூக்கிவிட்டேன். ஒரே மெம்பரில் கூப்பிடும் சொல் ('கால்' அல்லது 'லிங்க்'), சப்ரொட்டீன் பெயர் ஆகிய இரண்டு ஸ்ட்ரிங்கும் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க தனி வசதி எனக்கு அகப்படவில்லை. சரி, சுற்றுவழி: ஸ்ட்ரிங்குக்கு ஒரு ஸ்டெப், எல்எம்டிஓ போட்டு மெம்பர் கணக்கு மட்டும், அப்புறம் இரண்டு பட்டியல்களை இணைக்கும் ஜாயின்கீஸ் வைத்து இரண்டிலும் உள்ள பெயர்கள். ஆன்லைன் புரோகிராம்கள் வந்து சேர்ந்தன.

திங்களன்று, புரோகிராம்கள் ஓடும்போது படிக்கும் விவரங்கள் இருக்கும் பார்ம் லைப்ரரியிலும் தேட வேண்டும். கூப்பிட வேண்டிய பெயரை அங்கிருந்து படிக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம்.