விரிப்பின் மேல் வைத்த எடை இயந்திரம்

அப்பாவின் இதயம் பலவீனமாக இருப்பது தெரிந்த நாளில், மருத்துவர் மாத்திரைகளோடு இன்னொரு கட்டளையும் தந்தார். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாள்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும். இதயம் இரத்தத்தைச் சரிவர இறைக்காதபோது உடலில் நீர் தேங்குகிறது என்றும், மூச்சிரைப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த நீர் பல நேரங்களில் எடையில் தெரிந்துவிடும் என்றும் விளக்கினார்.

ஒரு மாதம் நோட்டில் எண்கள் சீராக இருந்தன. பிறகு ஒரு நாள் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்தியபோது குழி விழுந்தது. ஆனால் நோட்டில் எடை கூடவே இல்லை. அப்பா வழுக்கிவிடக் கூடாதே என்ற கவலையில் அம்மா இயந்திரத்துக்கு அடியில் தடித்த நுரை விரிப்பு ஒன்றைப் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெறும் தரையில் வைத்ததும் இயந்திரம் 1.9 கிலோ கூடுதலாகக் காட்டியது. அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தோம். நீர் பிரியும் மாத்திரையின் அளவை அவர் மாற்றிய பின் வீக்கம் வடிந்தது. அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இயந்திரம் எப்படி எடை பார்க்கிறது என்பது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கண்ணாடித் தட்டுள்ள மின்னணு இயந்திரத்தின் உயிர் அதன் நான்கு கால்களில் இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒரு சிறிய உலோகத் துண்டு உண்டு. நாம் ஏறி நிற்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழை நீளும்போது அதன் மின்தடை கூடுகிறது, சுருங்கும்போது குறைகிறது. இந்த மாற்றம் மிகச் சிறியது என்பதால், நான்கு கால்களின் இழைகளையும் மின்தடையின் சிறு மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும், பள்ளியில் நாம் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றாக இணைத்து, அதில் தோன்றும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக மாற்றுகிறார்கள். முள் சுழலும் பழைய இயந்திரத்தில் இந்த வேலையை நெம்புகோல்களும் ஒரு சுருள்வில்லும் செய்கின்றன.

ஆகவே, உடலின் எடை முழுவதும் நான்கு கால்களின் வழியாக மட்டுமே தரையில் இறங்க வேண்டும். மெத்தென்ற விரிப்பில் கால்கள் புதைந்து இயந்திரத்தின் அடிப்பகுதி விரிப்பைத் தொட்டுவிட்டால், எடையின் ஒரு பங்கு கால்களிலுள்ள அந்த உலோகத் துண்டுகளைத் தொடாமலேயே தரைக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இரண்டு டைல்ஸுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் ஒரு கால் இறங்கி நின்றாலும் அளவு மாறலாம்.

நான் அறிந்த இன்னொரு சிக்கலும் இதைப் போலவே கவலை தருவது. சில இயந்திரங்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த அளவு அதற்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே மீண்டும் காட்டுகின்றன. ஏறி இறங்கியவுடன் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பாருங்கள். எண் மாறவில்லை என்றால், நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடும் எடையை அந்த இயந்திரம் மறைத்துவிடக்கூடும்.

இயந்திரத்தை இடம் மாற்றினால், ஒருமுறை காலால் தட்டி, பூஜ்யம் வந்து அணைந்த பிறகே ஏற வேண்டும். புவியீர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது: லண்டனில் அளவு சரிசெய்யப்பட்ட இயந்திரம், சென்னையில் 70 கிலோ மனிதரை ஏறக்குறைய 200 கிராம் குறைத்துக் காட்டும். ஆனால் ஒரே வீட்டில், ஒரே இயந்திரத்தில் பார்ப்பவருக்கு அது பொருட்டல்ல. உடல்தான் அதைவிட அதிகமாக மாறுகிறது. இரண்டு டம்ளர் மோர் குடித்தால் அந்த எடை உடனே ஏறிவிடும். அதனால்தான் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்பதற்கு முன், ஒரே மாதிரியான உடையில் பார்க்கச் சொல்கிறார்கள். உடல் கொழுப்பையும் சேர்த்துக் காட்டும் இயந்திரங்கள் பாதங்களின் வழியே சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறோம். அப்பா பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, ஆனால் எண் நிலைக்கும் வரை அவர் அதைத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை நான் வெறுங்கையோடும், பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டைச் சுமந்துகொண்டும் ஏறிப் பார்க்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் இடையே 10.1 கிலோ வித்தியாசம் காட்டியது. அதற்கு முந்தைய மாதமும் அதே எண்தான்.